பாதிப் பயிற்சி

லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததால், கூடைப்பந்து அரையிறுதியில் மோத வேண்டிய அணியை அந்தப் பெண்கள் அணியின் பயிற்சியாளர்களே தேர்ந்தெடுக்கலாம். படிவத்தைக் கொடுக்க இன்னும் பத்து நிமிடமே இருந்தது.

“நீல அணி வேண்டவே வேண்டாம் மேடம். ஒவ்வொருத்தியும் ஒட்டகச்சிவிங்கி உசரம்,” என்றான் உதவிப் பயிற்சியாளன்.

“பச்சை அணி?”

“கேப்டனை மட்டுமே நம்பியிருக்காங்க. அவளோ ரெண்டு மாசமா பாதிப் பயிற்சியிலயே கிளம்பிப் போயிடறா. கடைசி ஆட்டத்துல மூச்சு வாங்குச்சு. அவ்வளவு தலைக்கனம்! பச்சைன்னு எழுதுங்க. தோத்தா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது.”

பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“அவ எங்க போறான்னு தெரியுமா?”

“வேற எங்க, ஊர் சுத்தத்தான்.”

“எங்க வீட்டுக்கு வர்றா தம்பி. அவளோட மோதி விழுந்துதானே என் பொண்ணுக்குக் கால் முறிஞ்சுது? அன்னையிலிருந்து தினமும் வந்து கூட உக்காந்திருந்தா. இப்போ தோள் கொடுத்து நடக்க வைக்கிறா. நேத்து என் பொண்ணு தனியா நாலடி வெச்சா.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, ‘நீல அணி’ என்று தானே எழுதினான்.

“கடவுள் விட்ட வழி. கையெழுத்துப் போடுங்க மேடம்.”