பதினேழாம் நோயாளி

மருந்துக் கம்பெனிகளுக்கு மதிப்புப் போட்டுப் போட்டே சலித்துப்போனவர் அவர். ஒரு புது மருந்தின் சோதனைக் கோப்பில் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, சோதனையை இரண்டு வருடம் நீட்டினால் கம்பெனியின் மதிப்பு கூடும் என்று போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று அந்தக் கோப்பை மூடும்போதுதான் நோயாளிகள் பட்டியல் கண்ணில் பட்டது.

பதினேழாம் நோயாளி மூன்றாம் மாதம் இறந்திருந்தார். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் பரிசோதனைக்கு வந்திருந்தார். எடை, பூஜ்யம். உடம்புக்கு என்ன என்ற இடத்தில், அசதி.

சோதனை நடக்கும் மருத்துவமனைக்குப் போன் போட்டார். "என்னம்மா, கை தவறி எழுதிட்டீங்களா?"

"இல்ல சார்," என்றாள் நர்ஸ். "செத்தது எங்களுக்கும் தெரியும். தேதி தவறாம வர்ற மனுஷனை எழுதாம எப்படி விடறது? இன்னிக்கும் வந்தார். எப்பம்மா முடியும்னு கேட்டார். போன வாரம் நீட்டிட்டாங்கல்ல, இன்னும் ரெண்டு வருஷம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"பெஞ்சில உக்காந்தவர்தான் சார், இன்னும் எந்திரிக்கல."