யோகநாதன் நடத்திய நேர்காணல்

அது செவ்வாயா புதனா என்று சரணுக்கு இப்போது சரியாக நினைவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகதலேனா சம்மதித்தால்தான் அவன் விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்குப் போக முடியும்.

அப்பா யோகநாதன் அவளிடம் கேட்டார். "புட் அப் வித்னா என்ன?"

"சகிச்சுக்கிறது, அங்கிள்."

"எங்க, ஒரு சென்டன்ஸ்?"

"ஐ கேன் புட் அப் வித் எனிபடி."

"ரப்பர் தோட்டத்து இங்கிலீஷ்! உங்க ஆளுங்களுக்கு இதுக்கு மேல வராது."

"அப்பா, போதும் லா!"

மகதலேனா எழுந்தாள். பிறகு சரணைப் பார்த்தாள்.

"சாரி சார். எங்க முதியோர் இல்லத்துல இவருக்கு இடமில்ல. வீ கான்ட் புட் அப் வித் ஹிம்."

யோகநாதன் மகனை முறைத்தார். "டேய், வேலைக்கு ஆள் பாக்கலாம்னுதானே கூட்டிட்டு வந்த?"

மகதலேனா மற்ற பெரியவர்களுக்குச் சோறு போடப் போனாள். சரண் வேலையை விட்டுவிட்டு, செந்தூல் வீட்டில் அப்பாவோடு இருக்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை.