எனக்கு வந்த நெஞ்சு வலி

"சுபத்ரா மாதிரி பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும்?"

மூன்று மாதமாகக் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருச்சுழியில் எனக்குப் பலசரக்குக் கடை. சித்திரை வெயிலில் ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு வலித்தது. பதறிப்போய் என்னைக் காரில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு, "வெறும் கேஸுதான் அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு வலின்னதும் எம் பொண்டாட்டியப் பாக்கணுமே! அவளுக்கு வேர்த்து ஊத்துது. காருக்குள்ளயே வாந்தி. தாடையெல்லாம் வலிக்குதுங்கிறா. எம்மேல அம்புட்டுப் பாசம்!"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். உள்ளே புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் சுபத்ராவும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வயசாகுதுல்ல" என்றேன்.

நேற்றுக் கடைப்படி ஏற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"இவுகளுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கே! பொம்பளைகளுக்கு நெஞ்சு வலிக்காமலேகூட வரும். முன்னாடி எப்பவாச்சும் வேர்வை, வாந்தி, தாடை வலின்னு சொன்னாகளா?"

அதை ஊருக்கே சொன்னவன் நான்.

கட்டிலில் கிடந்த சுபத்ராதான் பதில் சொன்னாள்.

"அன்னைக்கு இவுகளுக்குத்தான் நெஞ்சு வலி, டாக்டர். நான் சும்மா தொணைக்கு வந்தேன்."