ஏழாம் பக்கம்

"டாக்டரம்மா, அந்த லேப்டாப்புக்கு இன்னும் குணமாகலையே?"

கிடங்குப் பொறுப்பாளர் அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்டாள். குரலில் கவலை இருந்தது. குணமாகாததற்கா, ஆகிவிடுமோ என்பதற்கா என்றுதான் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் நிமிர்ந்தாள். விசிறி ஓடுகிறதா என்று லேப்டாப்பில் காது வைத்துக் கேட்பதைப் பார்த்து, அந்தக் குடைக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர்தான் டாக்டரம்மா.

"இங்க என் மேஜையில நாள் முழுக்க ஓடுதுக்கா. கூட்டத்துல கொண்டுபோய் வச்சா பொசுக்குன்னு அணைஞ்சிடுது. பேட்டரி மாத்தியாச்சு, சார்ஜர் மாத்தியாச்சு, விசிறித் தூசியைக்கூட தட்டியாச்சு."

"அதுக்கும் கேக்கப் பிடிக்கல போல. விட்டுடேன், பாவம்."

திங்கட்கிழமைதோறும் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து, எண்பது பக்க அறிக்கையைத் திரையில் காட்டிப் படிப்பார். கைப்பிடி, கம்பி, துணி, பொத்தான் என்று குடையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரைபடம். இரண்டு மாதமாக ஏழாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. லேப்டாப் அணைந்துவிடும். திரும்பப் போட்டால் நாலு நிமிடத்தில் மறுபடியும் அணையும். "என் மானமே போகுது!" என்று மேஜையில் அறைவார் மேலாளர். "மீதி அடுத்த வாரம்!" ஊழியர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல எழுந்து, படிக்கட்டு திரும்பியதும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

டாக்டரம்மாவால் சிரிக்க முடியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை இயக்குநர் நேரில் வருகிறார். அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால், அவளுடைய தற்காலிக வேலை அதோடு சரி. இதற்கு முன் மூன்று இடங்களில் தற்காலிகமாகவே இருந்து தற்காலிகமாகவே வெளியே வந்தவள். இன்று வெள்ளிக்கிழமை.

"எனக்கு வேலை போயிடும்க்கா."

அக்காவின் முகம் மாறியது. "அப்படியா எழுதியிருக்காங்க? அப்ப முதல்ல அதைச் சரி பண்ணுடி. எண்பது பக்கம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டுடறோம். நீ போயிட்டா நான் யாரோட உக்காந்து சாப்பிடறது?"

அக்கா போனபின் லேப்டாப்பின் அடிமூடியை மாட்டி, நிமிர்த்தி, ஓடவிட்டாள். திருகாணிகள் உருண்டு ஓடாமலிருக்க ஒரு காந்தக் கிண்ணம் வைத்திருப்பாள். அதை மறதியாக லேப்டாப்பின் மேலேயே, விசைகளுக்கு இந்தப் பக்கம் கை படும் இடது ஓரத்தில் வைத்தாள்.

லேப்டாப் அணைந்தது.

கிண்ணத்தை எடுத்துவிட்டுப் போட்டாள். ஓடியது. வைத்தாள். அணைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூடியை மூடினால் லேப்டாப் தானாக அணைவதற்கு உள்ளே ஒரு சில்லு உண்டு. மூடியிலுள்ள சிறு காந்தம் பக்கத்தில் வந்ததும், மூடிவிட்டார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். வந்தது எந்தக் காந்தம் என்றெல்லாம் விசாரிக்காது. கூட்டத்தில் அந்த இடது ஓரத்தில் இருப்பது மேலாளரின் மணிக்கட்டு. அதில் ஒரு காந்தக் காப்பு. மூட்டுவலிக்காம். அவருடைய பிறந்தநாளுக்கு ஊழியர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. சரியாக இரண்டு மாதத்துக்கு முன்.

'அடப்பாவிகளா!'

சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. சொன்னால் அக்காவோடு சேர்த்துப் பதினாறு பேரும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் வேலை போகும். மாலை வரை யோசித்து, ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு மேலாளர் அறைக்குள் போனாள்.

"சார், படிக்கும்போது மட்டும் அந்தக் காப்பைக் கழட்டி வச்சிடுங்க. அதுல இருக்கிற காந்தத்தாலதான் லேப்டாப் அணையுது. பாவம், வாங்கினவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது."

மேலாளர் காப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். அவங்களைத் திட்டிடாதீங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க..."

"அவங்களை எதுக்கும்மா திட்டணும்? பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. காந்தக் காப்புதான் வேணும்னு கடை பேரோட எழுதிக் கொடுத்தவனே நான்தானே!"

அவள் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாராவாரம் படிச்சே ஆகணும்னு மேலிடத்து உத்தரவு. ஏழாம் பக்கத்துலயே எனக்குக் கண்ணு சொருகுது. வீட்ல ஒருநாள் சம்சாரத்தோட லேப்டாப் இப்படி அணைஞ்சப்போ கத்துக்கிட்ட வித்தை இது. உங்க வேலைக்கு உலை வைக்கும்னு நினைக்கல, மன்னிச்சுக்குங்க." பேசிக்கொண்டே அவளுடைய கோப்பை எடுத்து, 'கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. பணி நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப திங்கட்கிழமை இயக்குநர் முன்னாடி எண்பது பக்கத்தையும் படிச்சுத்தான் ஆகணுமா சார்?"

"நான் படிக்கலம்மா. அவரே லேப்டாப்போட வந்து படிக்கிறாராம். நூத்தியிருபது பக்கம்."

மேலாளர் இழுப்பறையைத் திறந்து, பளபளக்கும் காகிதம் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வரவேற்பு கொடுக்கும்போது, இதை அவர் இடது கையில நீங்கதான் மாட்டிவிடணும், டாக்டரம்மா."