மஞ்சள் பற்று

மொட்டைத் தலையில் தினமும் சவரம் செய்ய என்ன இருக்கிறது?

தேவகிநந்தன் திரிபாதிக்கு இதுதான் மண்டைக் குடைச்சல்.

ரிஷிகேசத்து ஆசிரமத்தில் குரு விதேகானந்தர் காலையில், "நீ உடம்பு இல்லை" என்று போதிப்பார். பாடம் முடிந்ததும் முதல் வேலையாகக் கங்கைப் படித்துறைக்குப் போய், நாவிதர் சேதிலாலிடம் தலையை நீட்டுவார். மற்ற சாமியார்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மழிப்பதோடு சரி. இவருக்குத் தினமும்!

திரிபாதி கான்பூரில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து 'நான்' என்ற சொல்லையே விட்டுவிட்டார். பந்தியில்கூட, "இந்த உடம்புக்கு இன்னும் ரெண்டு ரொட்டி போடுங்க" என்றுதான் கேட்பார்.

நாளைக்கு அவருக்குச் சந்நியாச தீட்சை. தனக்குத் தானே பிண்டம் வைத்து, உயிரோடு கருமாதியை முடித்துக்கொள்ளப் போகிறார். மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்துக் கிடந்தார்.

போயும் போயும் ஓர் அலங்காரப் பிரியரிடமா தீட்சை வாங்குவது? பொறுக்க முடியாமல் படித்துறைக்கே போய்விட்டார்.

"மகராஜ், இந்த உடம்பு ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க திரிபாதிஜி. உடம்பே வாய் திறந்து கேக்கும்போது வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

"நேத்துதானே மழிச்சீங்க? இன்னிக்கும் எதுக்கு? உடம்பு மேல இவ்வளவு பற்றா?"

"என்ன பண்றது? எனக்கு முடி வேகமா வளருது," என்றார் குரு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

திரிபாதி உற்றுப் பார்த்தார். முடி எங்கே வளர்ந்திருக்கிறது? தலை முழுக்க மஞ்சள் பற்றுத்தான் போட்டிருந்தது. ஓகோ, கல்யாணப் பெண் மாதிரி மஞ்சள் பூச்சு வேறா என்று பல்லைக் கடித்தார்.

குரு ஆற்றில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டார். மஞ்சள் கரைந்தது. அடியில் இருந்தது அத்தனையும் வெட்டுக் காயம்.

திரிபாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேதிலாலிடம் திரும்பினார்.

"என்னப்பா இது? தலையா, உழுத வயலா?"

"என்ன பாபுஜி சொல்றீங்க? எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு," என்றார் சேதிலால், கத்தியைத் தீட்டியபடி. கல்லில் பட்டது பாதி, காற்றில் போனது பாதி. "கையும் ஆடுது. இந்தத் துறையில ஒருத்தன் எங்கிட்ட தலையக் குடுக்க மாட்டேங்கறான். ஏதோ கங்கா மாதா புண்ணியம், மகராஜுக்கு மட்டும் தினமும் முடி வளந்துடுது. என் வீட்டு அடுப்பும் எரியுது."

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவாரே. என் கை மாதிரி பதமான கை இமயமலையிலயே இல்லைம்பாரு."

திரிபாதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரத் தலையோடு கரையேறிய குருவின் காலில் தடாலென்று விழுந்தார்.

"மன்னிச்சிடுங்க மகராஜ்! பற்றை விடறதுன்னா என்னன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. இனிமே இந்த உடம்பு வெறும் கட்டை. வெட்டினாலும் சரி, கொளுத்தினாலும் சரி!"

"ரொம்ப சந்தோஷம்," என்ற குரு, நாவிதர் பக்கம் திரும்பினார். "சேதிலால், நாளைக்கு இவருக்குத் தீட்சை. இன்னிக்கே மழிச்சாகணும். முதல்ல இவர் தலையப் பாருங்க."

சேதிலாலின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு இன்னொரு தலை!

"உக்காருங்க பாபுஜி, உக்காருங்க," என்று ஆசை ஆசையாகக் கத்தியை எடுத்தார். அது திரிபாதியின் இரண்டு காதுகளுக்கும் நடுவே எங்கே இறங்குவதென்று தெரியாமல் ஆடியது.

"மகராஜ்," என்றார் திரிபாதி, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு. "தீட்சையை அடுத்த கும்பமேளாவுக்கு வச்சுக்கலாமா?"