ஓவனில் தொங்கிய கதவு

ஓசூர் சிப்காட்டில், இரும்புச் சாமான்களுக்கு வண்ணப் பவுடர் அடித்துச் சூட்டில் பதியவைக்கும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் ஜோதிமணிக்கு வேலை. தேன்கனிக்கோட்டை நஞ்சப்பா பழைய சினிமா புரொஜெக்டர் ஒன்றைப் புதுப்பிக்கக் கொண்டுவந்திருந்தார். அவர் அப்பா நடத்திய டூரிங் டாக்கீஸ் மெஷின் அது. விளக்கு எரியும் பெட்டிக்கு மட்டும் கதவு இல்லை.

"பரவால்லம்மா, இருக்கறத அடிச்சுக் குடு," என்றார்.

துருவைச் சுரண்டி, பச்சைப் பவுடர் அடித்து, பாகங்களைக் கொக்கிகளில் மாட்டி அறை அளவு பெரிய ஓவனுக்குள் அவளே தள்ளினாள். நேரம் முடிந்து திறந்தபோது கடைசிக் கொக்கியில் ஒரு கதவு தொங்கியது. உடம்பெல்லாம் துரு. அத்தனை சூட்டிலும் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் மூர்த்தியைக் கேட்டாள்.

"நீதான மாட்டுன, என்னைக் கேட்டா?" என்றான்.

பெட்டியில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் வந்த நஞ்சப்பா கதவைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏதும்மா இது?"

"தெரியலீங்க. ஓவன்ல இருந்துச்சு."

"அப்பா காலத்துல, கழுவறப்ப இது கிணத்துல விழுந்துடுச்சும்மா. எடுக்கறேன்னு என் தம்பி இறங்குனான். ஏறவே இல்ல. தண்ணி மொத்தம் இறைச்சும் ஆளும் கிடைக்கல, கதவும் கிடைக்கல."

அடுத்த லோடு ஏற்கெனவே ஓவனுக்குள் இருந்தது. அதன் மூடிய கதவையே அவர் பார்த்தார்.

"உள்ள வேற யாராச்சும் இருந்தாங்களாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லாமல் போய் ஸ்விட்சை அணைத்தாள். சூடு இறங்கும்வரை இருவரும் ஓவன் முன்னாலேயே நின்றார்கள்.