சீனிக்கு ரெண்டு பேர்

“எத்தின நாளாச் சாப்பிடுதில்ல?” என்று கேட்டார் யூனானி டொக்டர் நிஸ்றா.

“ஒரு கிழமையா” என்றாள் ஸகியா.

“பத்து நாள் எண்டு அவக்குச் செல்லுங்க டொக்டர்” என்றான் பக்கத்துக் கதிரையில் இருந்த அவள் புருஷன் றிஸ்வி.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

மேசையில் துவாய்க்குள் சுருண்டு கிடந்தது சீனி. பதின்மூன்று வயதுப் பூனை. பால்மடியில் கட்டி. புற்றுநோய் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். இரண்டு மாதம் இருந்தால் பெரிய காரியம் என்று, நோவுக்கு மட்டும் துளிமருந்து கொடுத்திருந்தார். மனம் கேட்காமல்தான் ஸகியா காத்தான்குடியில் இந்த டொக்டரிடம் வந்திருந்தாள்.

“நான் பொய் செல்ல மாட்டன் ராத்தா. இது மாறாது. இரிக்கிற வரைக்கும் நோகாம, சந்தோசமா இரிக்கப் பாப்பம். மிருக டொக்டர் தந்த துளிய நிப்பாட்டப்படாது. வாவி மீன அவிச்சு, அந்தத் தண்ணியில துளி மஞ்சள் போட்டுக் குடுங்க. உப்பு, வெங்காயம், உள்ளி ஒண்டும் சேக்கப்படாது. காலையில கொஞ்ச நேரம் இளவெயில்ல கிடத்துங்க.”

ஸகியா தலையாட்டினாள்.

“மத்தது, மருந்து பருக்க ரெண்டு பேர் வேணும். ராத்தா பருக்கணும், காக்கா பிடிக்கணும்” என்று றிஸ்வியையும் காட்டினார்.

“ஒரு பூனைக்கு ரெண்டு பேரா?” என்றான் றிஸ்வி.

“ஓம். அது விழுங்கினதும் ராத்தா ‘விழுங்கிட்டு’ எண்டு வாயால செல்லணும். அதக் கேட்டுப்போட்டுத்தான் நீங்க கைய எடுக்கணும். காலையில ஒருக்கா, அஸர் தொழுகைக்குப் பொறகு ஒருக்கா. ஒருநாளும் தவறப்படாது.”

வெளியே வந்ததும் றிஸ்வி ஓட்டோக்காரனிடம் பொரிந்து தள்ளினான். “அனுபவம் பத்தாத புள்ள. வைத்தியம் தெரியாட்டி இப்பிடித்தான் சட்டம் போடும்.”

ஸகியாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் நாலு மாதம்.

பதினாலு வருசம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவன் அவன். வந்த நாள் தொட்டு வீட்டில் எல்லாவற்றிலும் பிழை பிடித்தான். ஒருநாள் விருந்துக்கு வந்த சனத்துக்கு முன்னால், “நான் அங்க கிடந்து உழைக்காட்டி நீ என்னத்தக் கண்டிருப்பாய்?” என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

மறுநாள் காலை றிஸ்வி பூனையைப் பிடித்தான். ஸகியா மருந்தைப் பருக்கினாள்.

“விழுங்கிட்டு” என்றாள் சுவரைப் பார்த்து.

அவன் கையை எடுத்தான்.

மூன்றாம் நாள், “கொஞ்சம் மெதுவாப் பிடிங்க. அதுக்கு நோகுது” என்றாள்.

“இப்ப சரியா?”

“ம்.”

பத்தாம் நாள் சீனி மீன்தண்ணி முழுவதையும் நக்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைப் புரட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மீன் வாங்கும் வேலையை றிஸ்வி எடுத்துக்கொண்டான். முள் எடுக்கப் பழகினான். வெயில் நகர நகர அவள் பாயை இழுக்க, அவன் பூனையைத் தூக்கி வைத்தான்.

ஒருநாள் பின்நேரம் சீனியைப் பிடித்துக்கொண்டே கேட்டான்:

“நான் கட்டார்ல இரிக்கக்குள்ள இது எங்க படுக்கும்?”

“ஒங்கட தலகணியில.”

“நீ எழுப்ப மாட்டியா?”

“என்னத்துக்கு எழுப்புற? அந்தத் தலகணி சும்மா கிடக்கிறதப் பாக்க எனக்கு ஏலாது.”

றிஸ்வி சீனியின் தலையைத் தடவினான்.

“அண்டைக்கு அத்தின பேருக்கு முன்னால நான் அப்பிடிச் செல்லியிருக்கப்படாது ஸகியா. பிழ என்னிலதான்.”

ஸகியா மருந்துக் குழாயைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“விழுங்கிட்டு” என்றாள். “கைய எடுங்க. தேத்தண்ணி ஊத்துறன்.”

இரண்டு மாதம் என்று சொன்ன பூனை ஏழு மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெயிலில் கிடத்திய பாயிலேயே, இரண்டு பேரின் கையும் மேலே இருக்க, மூச்சு அடங்கியது. பின்வளவில் குழி தோண்டிய றிஸ்விதான் அதிகம் அழுதான்.

அடுத்த கிழமை ஒரு சட்டி எருமைத் தயிரோடு இரண்டு பேரும் டொக்டரிடம் போனார்கள்.

“ஒங்கள மறக்க மாட்டம் டொக்டர்” என்றாள் ஸகியா. “நோகாமப் போய்ச் சேந்திட்டு. அல்ஹம்துலில்லாஹ்.”

றிஸ்வி தொண்டையைச் செருமினான்.

“இன்னுமொரு உதவி டொக்டர். எங்கட பள்ளியில பாங்கு செல்ற மோதினார்ர பூனைக்கும் இதே கட்டி வருத்தம். மிருக டொக்டரிட்டயும் காட்டியாச்சு. மனுசன் தனி ஆள், கூடப் பிடிக்க ஒருத்தருமில்ல. ரெண்டு நேரமும் நான் போய்ப் பிடிக்கிறன் எண்டு செல்லியிரிக்கன்.”

நிஸ்றா தயிர்ச்சட்டியை வாங்கி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நீங்க போகத் தேவல்ல காக்கா. பூனைக்கு மருந்து பருக்க ஒராள் போதும்.”